நாலரை இஞ்ச் சுவர்

– நிறுத்துங்க மேஸ்திரி! ஐயோ, நிறுத்துங்கன்னா! அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது!

– நிறுத்திட்டேன் மேடம், நிறுத்திட்டேன். தப்பா நெனைக்காதீங்க, மெஷின் தன்னால உள்ள போயிடுச்சு. பைப்பு பதிக்கச் சுவருல காடி வெட்டும்போது ஒம்பது இஞ்ச் சுவருன்னு நெனச்சேன். இது நாலரை இஞ்ச். பிஸ்கட்டு மாதிரி இருக்கு.

– எவ்வளவு பெரிய ஓட்டை?

– பெருசெல்லாம் இல்ல. ஒரு சாப்பாட்டுத் தட்டு போகும்.

– அந்தப் பக்கம் என்ன தெரியுது?

– அடுப்படி. ஒரு அம்மா கையில கரண்டியோட நிக்கறாங்க. நம்மளத்தான் பாக்கறாங்க.

– கடவுளே!

– நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். பக்கத்து வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாது.

– நீங்களே சொல்லுங்க. நான் அவங்ககூடப் பேசறதில்ல.

– ஏன், ஆகாதா?

– என் வீட்டுக்காரரோட அண்ணி அவங்க. இது மொத்தமும் ஒரே வீடா இருந்தது மேஸ்திரி. அண்ணன் தம்பி சண்டையில நடுவுல சுவரு வந்துச்சு. பதினோரு வருஷமாச்சு, ஒரு வார்த்தை கிடையாது.

– அதான் பார்த்தேன். அந்த ஜன்னல் பாதியில முடியுதே, என்னடா டிசைன் இதுன்னு ரெண்டு வாரமா மண்டையப் பிச்சுக்கறேன்.

– மூணு கம்பி எங்களுக்கு, நாலு கம்பி அவங்களுக்கு. கொக்கி அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. அவங்க தொறந்தாத்தான் எங்களுக்குக் காத்து.

– மேஸ்திரி! அவகிட்ட சொல்லுங்க. இங்க அடுப்புல கொதிக்கிறதுல முக்காவாசி சிமெண்ட்டு.

– மேடம், அந்தம்மா என்ன சொல்றாங்கன்னா...

– கேட்டுச்சு. சாயந்தரத்துக்குள்ள ஓட்டைய மூடித் தர்றோம்னு சொல்லுங்க.

– அம்மா, மேடம் என்ன சொல்றாங்கன்னா...

– கேட்டுச்சுப்பா. நான் ஒண்ணும் செவிடு இல்ல.

– ஆக ரெண்டு பேருக்கும் கேக்குது. நடுவுல நான் எதுக்கு? சரி, நான் சொல்லப்போறதையும் ரெண்டு பேருமே கேட்டுக்கங்க. இந்த ஓட்டைய மூட முடியாது.

– ஏன் முடியாது? ரெண்டு கல்லு, ஒரு சட்டி கலவை.

– மேடம், இப்படி வாங்க. குனிஞ்சு பாருங்க. பழைய தரைய நாம எடுத்துட்டோமா? இப்ப சுவரோட அடி தெரியுதா? அஸ்திவாரமே இல்ல. பழைய தரை மேலயே கல்ல அடுக்கி ஏத்திட்டுப் போயிருக்காங்க. இந்தாங்க, நான் ஒரு கையால தள்றேன்...

– ஐயோ, ஆடுது!

– தள்ளாதேப்பா! இந்தப் பக்கம் என் டப்பா எல்லாம் ஆடுது!

– பாத்தீங்களா? இதுல காடி எடுத்து பைப் பதிச்சு, டைல்ஸ் ஒட்டி, சாருக்குப் பிடிச்சு நடக்கறதுக்குக் கம்பி வேற அடிக்கணும். கம்பியப் பிடிச்சு அவரு எந்திரிச்சா, சுவரு அவரோட சேந்து வரும். முழுசா இடிச்சு, அஸ்திவாரம் தோண்டி, ஒம்பது இஞ்ச்ல புதுசா எடுக்கணும். சொல்றத சொல்லிட்டேன்.

– எவ்வளவு ஆகும்?

– நெருக்கிப் பிடிச்சா ஒண்ணு அறுபது.

– ஒரு லட்சத்து அறுபதாயிரமா? மேஸ்திரி, நீங்க மொதல்ல போட்டுக் குடுத்ததே மொத்தம் ஆறு லட்சம். அந்த ஆறும் கைய விட்டுப் போயாச்சு. இன்னும் பாத்ரூம் பாதியில நிக்குது.

– நானா செலவு பண்ணேன்? தரைக்கடியில பைப்பு பூரா துருப்பிடிச்சு மண்ணாப் போயிருந்துச்சு. தெரு வரைக்கும் தோண்டி மாத்துனோம். அதுலயே ஒண்ணே கால் போச்சு. அது நான் போட்ட கணக்குலயே கிடையாது. இப்ப பாத்ரூம் முடிக்க எண்பதாயிரம். கிச்சன் கப்போர்டு ஒண்ணு பத்து. ஹால்ல சீலிங் வேலை அம்பது. சுவரு ஒண்ணு அறுபது. கூட்டிப் பாருங்க, சுளையா நாலு லட்சம் நிக்குது.

– நாலு லட்சம்...

– இன்னொரு வழி இருக்கு. இடிச்சுட்டுக் கட்டாம விட்டா ரெண்டு நாள் கூலிதான்; பைப்பையும் கம்பியையும் அதே காசுல எதிர்ச் சுவருல அடிச்சு, பாத்ரூம அந்த மூலைக்கு ஒதுக்கிடலாம். மேல தனியா பீம் ஓடுது. இந்தச் சுவரு எதையும் தாங்கல, சும்மா நிக்குது.

– என்ன பேசறீங்க நீங்க? சுவரு இல்லாம எப்படி?

– முன்னாடி இருந்தீங்களே, அப்படி.

– மேஸ்திரி, உங்க வேலைய மட்டும் பாருங்க.

– சரி மேடம், வாயத் தொறக்கல. ஆனா ஒண்ணு. சார் ஆஸ்பத்திரியில இருந்து வர இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள பணம் வரலைன்னா ஆளுங்கள வேற வேலைக்கு அனுப்பிடுவேன். தப்பா நெனைக்காதீங்க, அவங்களுக்கும் வயிறு இருக்கு.

– வந்திடும். இன்னைக்கு நாலு மணிக்கு ஒருத்தர் கொண்டுவர்றாரு.

– அப்ப சரி. நான் சாப்பிட்டு வந்திடறேன். சுவருல சாயாதீங்க. அம்மா, நீங்களும்தான்.

– போயிட்டு வாப்பா. வரும்போது ஒரு பழைய கோணி கொண்டுவந்து இந்த ஓட்டையில தொங்க விடு.

– சரிம்மா.

– யாரு நாலு மணிக்கு வர்றது? உன்னைத்தான் கேக்கறேன் சின்னவளே. மேஸ்திரி போயாச்சு. இனிமே யாரு மூலமா பேசப்போற?

– அது என் விஷயம்.

– அந்தப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில ரூம் போட்டு உக்காந்திருக்கானே, அவன்தானே? நூத்துக்கு அஞ்சு. வருஷத்துக்கு இல்ல, மாசத்துக்கு. மொத மாச வட்டிய எடுத்துக்கிட்டு மீதியக் குடுப்பான். பத்திரத்து நகலும், தேதி போடாத செக்கு நாலும் ரெடியா வச்சிருக்கச் சொன்னான்ல?

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– நேத்து நீ போன்ல பேசும்போது திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டியே.

– நான் என் வீட்டுக்குள்ள நின்னு பேசினேன். அத நீங்க ஒட்டுக் கேட்டீங்களா?

– இந்தச் சுவருல எதுக்கு ஒட்டணும்? ரெண்டடி தள்ளி நின்னாலே கேக்குது. இந்தா பாரு, பேச்ச மாத்தாத. நாலு லட்சத்துக்கு மாசம் இருபதாயிரம் வட்டி. உன் சம்பளம் எவ்வளவு?

– எதுக்கு?

– பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கற வேலைக்கு அவரு இருபத்திரண்டு குடுத்தா அதிகம். மீதி ரெண்டாயிரத்துல பொண்ணுக்கு ஃபீஸ் கட்டுவியா, ஆஸ்பத்திரியில இருக்கற தம்பிக்கு மாத்திரை வாங்குவியா?

– எனக்கு மட்டும் ஆசையா? வேற வழி இருந்தா நான் ஏன் அவன்கிட்டப் போறேன்? எல்லாப் பக்கமும் முட்டிப் பாத்துட்டுத்தான் கடைசியில அங்க வந்தேன்.

– எங்க எங்க முட்டுன, சொல்லு.

– எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?

– சொல்லாட்டிப் போ. கோணி வர்ற வரைக்கும் எனக்கும் இங்க வேலை இல்ல, சோத்துல மண்ணு விழுந்தாச்சு. சும்மாதான் நிக்கறேன்.

– ...பேங்க்ல கேட்டேன். வீட்டுக் கடன் தர்றோம், ஆனா பத்திரம் ரெண்டு பேரு பேருல கூட்டா இருக்கு, அண்ணன் கையெழுத்து வேணும்னாங்க.

– வந்து கேக்க வேண்டியதுதானே?

– எந்த முகத்த வச்சுக்கிட்டு வர்றது? அப்புறம் தனிநபர் கடன்னு நாலு லட்சம் வாங்குனேன். நகைய வச்சு ரெண்டு. அதுதான் அந்த ஆறு. இப்ப காதுல இருக்கறது மட்டும்தான் மிச்சம், இது வச்சா ஒரு மூட்டை சிமெண்ட்டு கூட வராது.

– தம்பியோட பி.எஃப்?

– வீட்டு வேலைக்குன்னு எடுக்கலாமாம். அவரு கையெழுத்துப் போடணும். அவருக்குக் காலோட சேத்து வலது கையும் மாவுக்கட்டுல இருக்கு. கையெழுத்து மாறிச்சுன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம். எல்லாம் சரியாப் போனாலும் ரெண்டு மாசம்.

– லிஃப்ட் கம்பெனிக்காரன் ஒண்ணும் தரலையா? அவனுக்காக லிஃப்ட்டு மாட்ட ஏறித்தானே தம்பி விழுந்தான்?

– ஆஸ்பத்திரி பில்லு கட்டிட்டாங்க. அதுவே பெரிய மனசுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. மாடியத் தனியாப் பிரிச்சு வாடகைக்கு விட்டு அட்வான்ஸ் வாங்கலாம்னு பாத்தேன். வந்து பாத்தவங்க, கீழ இடிச்சுப் போட்ட லட்சணத்தப் பாத்துட்டு அப்படியே செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

– உன் அண்ணன்?

– ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னான். போன் வச்ச கையோட அவன் புது கார் முன்னாடி நிக்கற போட்டோ போட்டான்.

– நல்ல அண்ணன். தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா?

– தெரியாது. எல்லாம் முடிஞ்சிடுச்சு, பெயிண்ட்டு மட்டும்தான் பாக்கின்னு சொல்லி வச்சிருக்கேன். நேத்துகூட, என்ன கலரு அடிக்கறேன்னு கேட்டாரு. வெளிர் பச்சைன்னு சொன்னேன். இங்க சுவரே இல்ல.

– அழாத.

– நான் அழல. தூசி.

– சரி, தூசி. இந்தா, ஓட்டை வழியா கைய நீட்டு. டீ. இதுல சிமெண்ட்டு விழல, மூடி வச்சிருந்தேன்.

– வேணாம்.

– கை கடுக்குதுடி. வாங்கிக்க.

– குடுங்க.

– இப்ப ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காம பதில் சொல்லு. வீட்ட எதுக்கு இடிக்க ஆரம்பிச்ச?

– இது என்ன கேள்வி? அவரால இனிமே மாடி ஏற முடியாது. கீழ இருந்த பாத்ரூம் கதவுல வீல்சேர் நுழையாது. உக்கார்ற மாதிரி, பிடிச்சு எந்திரிக்கற மாதிரி, வழுக்காத தரையோட ஒண்ணு வேணும்.

– சரியான பேச்சு. இதுல கிச்சன் கப்போர்டு எங்கேர்ந்து வந்துச்சு?

– அது... எப்படியும் இடிக்கறோமே, அதையும் சேத்து முடிச்சிட்டா...

– சீலிங் வேலை?

– எப்படியும் தூசியில கெடக்கறோமேன்னு...

– அந்த 'எப்படியும்' இருக்கு பாரு, அதுதான் உன் ஆறு லட்சத்தயும் தின்னுச்சு. மேல எரியற லைட்ட நிமிந்து பாத்து தம்பிக்குக் கால் வந்திடுமா?

– நீங்க பேசுவீங்க. அவரு மாசக்கணக்கா அந்த ஒரே ஹால்ல படுத்துக் கெடக்கப் போறாரு. மேல பாத்தா ஒழுகின கறைதான் தெரியும். நல்லதா ஒண்ணப் பாக்கட்டுமேன்னு நெனச்சேன். தப்பா?

– ...தப்பு இல்ல.

– அப்புறம்?

– தப்பு இல்ல. ஆனா இப்ப வேணாம். கறைக்கு மேல வெள்ளை அடி, ஒரு ஆள் அரை நாள்ல முடிச்சிடுவான். கப்போர்டையும் தூக்கு. அடுத்த வருஷம் போட்டுக்க, அதுக்குள்ள அரிசி டப்பா ஒண்ணும் ஓடிடாது. ஒண்ணு பத்தும் அம்பதும் போச்சா? நாலுல ஒண்ணு அறுபது போனா எவ்வளவு?

– ரெண்டு நாப்பது.

– பாத்ரூமுக்கு எண்பது. அத நான் சொல்றேன் கேளு. எனக்கு ஒரு சீட்டு ஓடுது. இருபத்தஞ்சு பேரு, மாசம் அஞ்சாயிரம், மொத்தம் ஒண்ணே கால் லட்சம். எட்டு தவணை கட்டிட்டேன். சனிக்கிழமை ஏலம். நாப்பதாயிரம் வரைக்கும் விட்டுக் குடுத்துத் தள்ளிக் கேட்டா எனக்குத்தான் விழும். கைக்கு எண்பத்தஞ்சு வரும். மீதி பதினேழு தவணைய நீ கட்டு.

– பதினேழு அஞ்சு எண்பத்தஞ்சு. அப்ப வட்டி?

– தள்ளுல போனதுதான் வட்டி.

– அது நீங்க கட்டுன எட்டு மாசப் பணமாச்சே! நாப்பதாயிரம்!

– உன் பொண்ணுக்குப் பத்து வயசு ஆகுது. பெரியம்மான்னு ஒருத்தி இருந்து ஒரு கவுன் எடுத்துக் குடுத்திருக்கேனா? பத்து வருஷத்துக்கும் சேத்து வச்சுக்க.

– எனக்கு வேணாம்.

– ஏன்?

– வேணாம்னா வேணாம். இந்தச் சுவரக் கட்டுன வீட்டுக் காசு எனக்கு வேணாம். அந்த வட்டிக்காரன் பரவாயில்ல, அவன் என்னோட ஒரே தட்டுல சாப்பிட்டவன் இல்ல.

– சின்னவளே...

– என்னப் பேச விடுங்க. பதினோரு வருஷமா இதச் சொல்லணும்னு நெனச்சுருக்கேன். சண்டை அவங்க ரெண்டு பேருக்கும். மொட்டை மாடி ஒழுகிச்சு, சரி பண்ண நாப்பதாயிரம், பாதிப் பாதி போடலாம்னாரு பெரியவரு. உனக்குத்தான் பெரிய ரூம், நீ ஜாஸ்தி போடுன்னாரு இவரு. வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டாங்க. போகட்டும், ஆம்பளைங்க. நீங்க?

– நான் என்ன பண்ணேன்?

– சுவரு எழும்ப எழும்ப நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க! கொத்தனாரு பக்கத்துல நின்னு அதச் செய் இதச் செய்னு கை காட்டுனீங்க. கலவைக்குத் தண்ணி கூட எடுத்துக் குடுத்தீங்க. நான் அந்த ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கேன், ஒரு தடவை கூட என் பக்கம் திரும்பல. எனக்கு அப்ப மூணாவது மாசம். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கலைஞ்சப்ப மடியில போட்டுப் பாத்துக்கிட்டது நீங்கதான். இந்தத் தடவை நீங்களே சுவரு வச்சு மறைச்சுக்கிட்டீங்க. பெரியவர நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். உங்களத்தான் என்னால முடியல.

– பெரியவர மன்னிச்சிட்டியா?

– போன வாரம் ஆஸ்பத்திரியில நர்ஸு சொன்னாங்க. இவரு ஜாடையிலயே ஒருத்தரு, கொஞ்சம் தொப்பையோட, ரெண்டு தடவை வந்து வராந்தாவுல நின்னுட்டுப் போனாருன்னு. உள்ள வரலையாம். எந்தப் பெட்டுன்னு கூட கேக்கலையாம்.

– கண்ணாடிக் கடையப் பூட்டிட்டு எங்க போறாருன்னு எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு. கேட்டா, சரக்கு எடுக்கன்னாரு. லென்ஸ் சரக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுலயா விக்கறான்?

– சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரல.

– வருது. உதட்டக் கடிக்கற. ஓட்டை வழியா நல்லாத் தெரியுது. கேளு. ஒட்டுக் கேட்டியான்னு கேட்டல்ல? ஆமா, கேட்டேன். பதினோரு வருஷமாக் கேக்கறேன். உன் பொண்ணு ஏழாம் வாய்ப்பாட்டுல ஏழெட்டு வந்தா நிப்பா. நான் இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கிட்டே அம்பத்தாறு, அம்பத்தாறுன்னு வாய்க்குள்ள சொல்லுவேன். தம்பி விழுந்த அன்னைக்கு உனக்குப் போன் வந்துச்சே, நீ கத்துனது கேட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். கேட்டுக்கிட்டு இருந்தேனே தவிர வந்து கதவத் தட்டல. அது என் தப்பு. அவரு ரோஷம், என் ரோஷம், உன் ரோஷம், எல்லாத்தயும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பனிக்குடம் உடைஞ்ச அன்னைக்கு ஞாபகம் இருக்கா? வீட்டுல நீ தனியா இருந்த.

– மறக்குமா? எப்படியோ வாசல் வரைக்கும் தவழ்ந்து வந்தேன். அங்க ஒரு வண்டி நின்னுச்சு. யாரையோ இறக்கிவிட வந்தவன்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல சொல்லுவோம், கடவுள் அனுப்புன வண்டின்னு.

– கடவுளுக்கு எங்க நேரம்? நான் தெருமுனை வரைக்கும் செருப்பில்லாம ஓடிக் கூட்டிட்டு வந்தேன்.

– அக்கா...

– இப்பத்தான் அக்கான்னு வாயில வருது.

– அந்த வண்டிக்காரரு காசு வாங்கல. குடுத்தாச்சும்மா, குடுத்தாச்சும்மான்னு சொல்லிக்கிட்டே போனாரு. நான் வலியில எதையும் யோசிக்கல.

– குடுத்தாச்சுன்னு சொல்லாதடான்னு அவன்கிட்ட சொல்லித்தான் அனுப்பினேன். வாய் நிக்கல அவனுக்கு. சரி, விடு. மொதல்ல அந்த வட்டிக்காரனுக்குப் போன் போடு. வர வேணாம்னு சொல்லு.

– போட்டு? இன்னும் ஒண்ணு அறுபது இருக்கே அக்கா. சுவரு?

– மேஸ்திரி சொன்னதுதான். இடிக்க ரெண்டு நாள் கூலி. கட்ட வேணாம்.

– கட்டாம விட்டா... எல்லாமே தெரியுமே.

– என்ன தெரியும்? நீ காலையில பல்லு தேய்க்காம காப்பி குடிக்கறது எனக்குத் தெரியாதா? இந்த இடத்துல சுவரு போச்சுன்னா, தம்பி வீல்சேர் திரும்ப இடம் இருக்கும். இப்ப இருக்கற அளவுல ஒரு தடவை உள்ள போனா ரிவர்ஸ்லதான் வரணும். ஜன்னலும் முழுசாக் கிடைக்கும். பகல்ல நீ டோக்கன் குடுக்கப் போயிட்டா அவன யாரு பாத்துப்பா, யோசிச்சியா?

– ஒரு ஆளு போடணும்னு இருந்தேன்.

– அது மாசம் பன்னெண்டாயிரம். அந்தக் கணக்க மேஸ்திரி சொல்லமாட்டான், நான்தான் சொல்லணும். ஆளு வேணாம், நான் இருக்கேன். நாளைக்கே அடுப்பத் தள்ளிப் போட்டுக்கறேன்.

– அக்கா, நீங்க சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பயம் வேற. பெரியவரு? சாயந்தரம் கடையப் பூட்டிட்டு வந்து பாத்தா என்ன சொல்லுவாரு? அவரு கட்டுன சுவரு. அவரக் கேக்காம ஒரு கல்லு எடுத்தாலும் ஆடித் தீத்துடுவாரு. நாளைக்கு என் புருஷன் வீல்சேர்ல உக்காந்திருக்கும்போது அவரு அந்தப் பேச்ச ஆரம்பிச்சா, என்னால தாங்க முடியாது. அதுக்கு அந்த வட்டியே பரவாயில்ல.

– அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

– எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

– அந்தச் சுவர அவரு கட்டல.

– அவரு கட்டாம? எங்க வீட்டுக்காரரு கட்டலயே, ஒரு பைசா குடுக்கமாட்டேன்னாரே!

– ரெண்டு பேருமே கட்டல. ரெண்டு பேரும் வீட்ட வித்துப் பணத்தப் பிரிச்சுக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. உனக்குத் தெரியாது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தம்பி சொல்லிட்டான், வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்கான்னு.

– விக்கறதா? இந்த வீட்டயா?

– வாங்கற ஆளு மறுநாள் முன்பணத்தோட வர்றதா இருந்துச்சு. வித்திருந்தா உன்ன அவன் எந்தத் தெருவுல, எந்த வாடகை வீட்டுல கொண்டு போய் வச்சிருப்பானோ. ரெண்டு தடவையும் உனக்கு வலி வந்தப்ப அவன் வேலையில இருந்தான், வீட்டுல நான் ஒருத்திதான் இருந்தேன். மூணாவது தடவை யாரும் இல்லாம போயிடுச்சுன்னா? அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல. அவருகிட்டப் போய், விக்காதீங்க, மூஞ்சிய மூஞ்சி பாக்கப் பிடிக்கலைன்னா நடுவுல ஒரு சுவரு வச்சுக்கங்கன்னு சொன்னேன். அதுக்கு ஏது காசுன்னாரு. என் ரெண்டு வளையலையும் கழட்டி மேசை மேல வச்சேன்.

– அப்ப இந்தச் சுவரு... நீங்க வச்சதா?

– நான்தான்.

– அன்னைக்குக் கொத்தனாரு பக்கத்துல நின்னு கை காட்டிக்கிட்டே இருந்தீங்களே...

– அஸ்திவாரம் எடுத்து ஒம்பது இஞ்ச்ல கட்டறேன், அந்தப் பக்கம் குண்டு போட்டாலும் உங்களுக்குக் கேக்காதுன்னான் அவன். வேணாம்ப்பா, தரை மேலயே ஒத்தக் கல்லுல ஏத்து, அந்தப் பக்கம் ஒருத்தி மெதுவா முனகினாக்கூட எனக்குக் கேக்கணும்னு நான்தான் நின்னு சொன்னேன்.